அம்மாவுக்காக அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்கலாமா?

2025 ஜனவரி 16, கினிகத்தேனை வாசகியின் கேள்வி

எங்கள் அண்ணன்மார் இரண்டு பேரும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை. இந்தப் பொங்கலுக்கும் அம்மா இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதார். அடுத்த மாதம் அவருக்கு எழுபது வயது. அந்தச் சாக்கில் இரண்டு பேரையும் ஒருவருக்கு மற்றவர் வருவது தெரியாமல் வரவழைத்துவிடலாம் என்று இருக்கிறேன். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் கூடப் பிறந்த பாசம் விடாது என்பது என் எண்ணம். இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 16, இரவு, என் பதில்

செய்து பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். விவரம் நாளைக்கு எழுதுகிறேன், திருத்த வேண்டிய கொப்பி குவிந்து கிடக்கிறது.

ஜனவரி 17

2019 தைப்பொங்கல். எனக்கு இரண்டு அண்ணன்மார். பெரியண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சின்னண்ணன் மஸ்கெலியாப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு), அம்மாவோடு. நான் கல்யாணமாகி ஹட்டனில். அவர்கள் பேச்சு நின்று அப்போது ஏழெட்டு மாதம்தான். சூட்டோடு பிடித்தால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு அவசரம். பெரியண்ணனுக்குப் போன் போட்டு, "அம்மாவுக்குக் காய்ச்சல், எழும்ப முடியல" என்றேன். சின்னண்ணனிடம், "அவரு இந்த வருஷம் வரலையாம்" என்றேன்.

பெரியண்ணன் இரவு பஸ் பிடித்து விடியற்காலை வந்து இறங்கினார், கையில் தோடம்பழமும் ஒரு பால்மா டின்னுமாக. வந்து பார்த்தால் அம்மா வாசலில் குந்தி அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறார். பானை பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது சின்னண்ணனின் நாலு வயது மகள் மட்டும்தான். மற்ற எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"காய்ச்சல்னு சொன்ன?" என்று பெரியண்ணன் என்னைக் கேட்டார். "யாரு இவரைக் கூப்பிட்டது?" என்று சின்னண்ணன் அம்மாவைக் கேட்டார். அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை. பக்கத்து லயத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். தோடம்பழப் பை இரண்டு நாள் இஸ்தோப்பிலேயே (திண்ணை என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும்) கிடந்தது, யாரும் தொடவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "என்னை வச்சுப் பொய் சொல்லிட்டியே புள்ள. இனிமே நெசமாவே காய்ச்சல் வந்தாலும் அவன் நம்ப மாட்டான்" என்றார்.

நம்பவில்லை. 2021-ல் மூச்சு முட்டி அம்மாவை வாட்டில் சேர்த்தபோது நான் அழைத்தேன். "சரி, பார்க்கிறேன்" என்றார். வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஜனவரி 19

சண்டைக்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு காரணம், இரண்டும் அற்பம். எங்களுக்கு அல்ல, வெளியில் இருப்பவர்களுக்கு.

முதலாவது அப்பாவின் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசு. தோட்டத்தில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், தோட்டம் 12 சதவீதம் போடும். ஆள் இறந்தால் பேர் எழுதி வைத்தவர் கைக்குப் போகும். அப்பா அந்தப் படிவம் கொடுத்த காலத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகள், மூத்தவரின் பேரை மட்டும் எழுதிவிட்டார். பிறகு மாற்ற நினைக்கவே இல்லை. 2013-ல் அப்பா போனார். மறு வருஷம் 4 இலட்சத்துச் சொச்சம் வந்தது. பெரியண்ணன் வாங்கினார், யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஒரு ஆட்டோ எடுத்தார். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காம்பரா, லயத்தில் ஒரு குடும்பத்துக்கு உள்ள அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, பின்னால் அப்பா ஒட்டுப்போட்ட குசினி, முன்னால் இஸ்தோப்பு. செக்ரோலில் (தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில்) பேர் இருப்பவருக்குத்தான் காம்பரா, ஆகவே அது சின்னண்ணனுக்கு. பக்கத்துக் காம்பராக்காரர் 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்துப் போனதும், பெரியண்ணன் தோட்டத் தலைவரைப் பிடித்து அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 2018-ல், ஒரு சண்டை முடிந்த மறுநாள், இரண்டு காம்பராவுக்கும் பொதுவான இஸ்தோப்பின் நடுவே ஒரு சுவர் எழுப்பினார். இடுப்பளவு சீமெந்துக் கல், அதற்கு மேல் பலகை.

வருஷத்தில் 350 நாள் பூட்டிக் கிடக்கும் காம்பராவுக்கு ஒரு சுவர்.

ஜனவரி 20

"காம்பரா யாருக்குச் சொந்தம்?" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. இரண்டு பேருக்கும் இல்லை. நிலம் அரசாங்கத்துடையது, 1992-க்குப் பிறகு கம்பெனிக்குக் குத்தகை, லயம் தோட்டத்துக் கணக்கில். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம், கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உறுதிப் பத்திரம் இல்லாத காணிக்குத்தான் சண்டை பெரிசாக வரும் போலிருக்கிறது. உறுதி இருந்தால் கோர்ட்டுக்குப் போய் முடித்திருப்பார்கள்.

ஜனவரி 26

ஞாயிற்றுக்கிழமை. அம்மா இங்கே வந்திருக்கிறார். உங்கள் கேள்வியை வாசித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளையோட அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களானு கேளு" என்றார். ஏன் என்றேன். பதில் சொல்லாமல் பெரியம்மாவின் கதைக்குப் போய்விட்டார்.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 6 இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் ஒருத்தி. பெரியம்மாவின் புருஷன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார், எங்கள் தாத்தா இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். மாமனாரும் மருமகனும் ஒரே பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள், ஆளுக்கொரு நாடு. 1973-ல் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றியது அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில். தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான்.

"ஸ்டேஷன்ல ஒப்பாரி வச்சு அழுதோம். ஆனா அக்கா மேல யாருக்கும் கோபம் இல்ல. கோபம் இல்லாத பிரிவு தாங்கும் புள்ள" என்றார் அம்மா. கடிதம் வந்துகொண்டே இருந்ததாம், தபால்காரரைப் பிடித்து வாசிக்கச் சொல்வார்களாம். 1984-ல் கப்பலும் நின்றது. இப்போது வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறார்கள், காது இரண்டு பேருக்கும் மந்தம், ஆளுக்காள் கத்துவதில் என் வீட்டுப் பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது.

ஜனவரி 27

திருத்தம். நேற்று 6 இலட்சம் என்று எழுதியது பிழை. 1964 ஒக்டோபர் ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கை 3 இலட்சம். முடிவு செய்யாமல் விட்ட ஒன்றரை இலட்சத்தை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 75 ஆயிரமும் சேர்ந்தால்தான் 6 இலட்சம். வரலாறு படிப்பிக்கிற என் புருஷன் காலையில் பிளேன்டீயோடு இதைச் சொன்னார். படிப்பிப்பது போலவே சொன்னார், அதனால் டீ இறங்கவில்லை.

பெப்ரவரி 9

சுவரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

2022-ல் தோட்ட ஆபிசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் லயத்தில் கட்டிய சுவரை 14 நாளில் அகற்ற வேண்டும் என்று. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன். ஆனால் அன்றிரவே இரண்டு அண்ணன்மாரும் தனித்தனியாக எனக்குப் போன் போட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்று: "நம்ம வீட்டு விஷயத்துல தோரை (தோட்ட மேலாளர்) யாரு? நீ டீச்சர்தானே, ஒரு மனு எழுது."

எழுதினேன். "வயோதிபத் தாயாரை மழைச் சாரலிலிருந்தும் குளிர்காற்றிலிருந்தும் பாதுகாக்கும் பொருட்டு மேற்படி சுவர் கட்டப்பட்டுள்ளது" என்று கூசாமல் எழுதினேன். கீழே இரண்டு கையெழுத்து. பெரியண்ணனிடம் கொழும்புக்கு அனுப்பி வாங்கி, அப்புறம் சின்னண்ணனிடம் வாங்கியது. ஆபிசில் அதற்கு மேல் கேட்கவில்லை. சுவர் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் ஏழு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம், தங்களைப் பிரிக்கும் சுவரைக் காப்பாற்றியது.

போன கிழமை அம்மாவின் தகரப் பெட்டியில் அடையாள அட்டை தேடியபோது அந்த மனுவின் போட்டோ கொப்பி அகப்பட்டது. அப்பாவின் மரணச் சான்றிதழ், பெரியம்மாவின் பழைய கடிதக் கட்டு, அதற்கு மேல் இது, பொலித்தீனில் சுற்றி. இதை எதுக்கும்மா வச்சிருக்கீங்க என்றேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கடைசி இரண்டு வரியை மட்டும் விரலால் தொட்டார். "ரெண்டு பேரு கையும் ஒரே தாள்ல இருக்குல்ல."

பெப்ரவரி 11

கினிகத்தேனைச் சகோதரி எழுபதாவது பிறந்தநாள் திட்டத்தைக் கைவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. கேக்கை மட்டும் கைவிடாதீர்கள்.

பெப்ரவரி 22

ஜனவரி 19-ல் எழுதியதை அழிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அழிக்கவில்லை. நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு அது சாட்சி.

2015-ல் தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். நானும் ஒருத்தி. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பஸ் காசு, போடிங், சாரி, பயிற்சிக்குப் போன செலவு எல்லாம் அதற்குள். முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மாதம் பிறந்தால் பெரியண்ணன் 5,000 அனுப்புவார். மூன்று வருஷம் தவறியதில்லை. கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பிறகு சண்டை வந்ததும் அந்தப் பெருமையை வாபஸ் வாங்கிக்கொண்டேன், காசை அல்ல.

அது அப்பாவின் காசு. அம்மா வியாழக்கிழமை சொன்னார். அப்பா போன புதிதில் அம்மாதான் பெரியண்ணனிடம், "இதைப் பொம்பளைப் புள்ள படிப்புக்கு வச்சிரு, பிரிச்சுக் கொடுத்தா கரைஞ்சிரும், யாருகிட்டயும் சொல்லாத" என்றிருக்கிறார். அவர் சொல்லவில்லை. சின்னண்ணன் குசினியை இடித்துக் கட்டக் காசு கேட்டபோதும் "இல்லை" என்று மட்டும்தான் சொன்னார். திருடன் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு சுவர் கட்டினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வந்தது 1 இலட்சத்து 80 ஆயிரம். சாவுச் செலவுக் கடன் 60 ஆயிரம். ஆட்டோவுக்கு முன்பணம் கட்டியதும் அதிலிருந்துதான், அதை அவர் அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. ஆகவே அவரை மகாத்மா ஆக்கவும் முடியாது.

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். "சொன்னா சின்னவன் உன் மேல பாய்வான். ரெண்டு பேரு முறைச்சுக்கிட்டு இருக்கது போதாதா, மூணாவதா நீயுமா?" என்றார். ஆறு வருஷமாக அண்ணன்மாரைச் சேர்த்து வைக்கிறேன் என்று நான் அலைய, அம்மா என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவர்களைச் சேர்க்க வழி தெரியாமல் இருந்திருக்கிறார்.

மார்ச் 3

சின்னண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். அம்மா சொன்னபடியே நடந்தது. கேட்டுக்கொண்டே கொழுந்துச் சாக்கை மடித்தார், மடித்ததைத் திரும்ப விரித்து மடித்தார். "எனக்கும் அப்ப படிக்க ஆசை இருந்துச்சு. யாரும் கேக்கல" என்றார். அவ்வளவுதான். வெளியில் போய்விட்டார். மதினி தேத்தண்ணி கொடுத்தார், அண்ணன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

அவர் ஓ.எல். பரீட்சை எழுதிய வருஷம்தான் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டது. மறு மாதமே செக்ரோலில் பேர் கொடுத்தார். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்துகொண்டே யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் விடியும் என்று பெப்ரவரி 22 குறிப்புக்குக் கீழே ஐந்தாறு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தீர்கள். நன்றி. இப்போது எங்கள் வீட்டில் மூன்று கட்சி.

மார்ச் 16

வியாழக்கிழமை பௌர்ணமி, தோட்டத்தில் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்போம். ரதி வேஷமும் ஆம்பளைதான் கட்ட வேண்டும். இளவட்டம் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டது, பாட்டு முழுக்கத் தெரிந்த ரதி கிடைக்கவில்லை. கூத்து வாத்தியார் பெரியண்ணனுக்கே போன் போட்டுவிட்டார். இருபது வயதில் தோட்டத்துக்கே ரதி அவர். இப்போது நாற்பத்தாறு வயது, தொந்தி வேறு. வந்தார்.

கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பது யார்? சின்னண்ணன்.

விடிய விடிய பார்த்தேன். பாட்டு ஏறினால் தப்பு ஏற வேண்டும், ரதி நிறுத்தினால் அடி நிற்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. மூன்று மணிக்கு மேல் ரதியின் புலம்பல். பெரியண்ணனுக்குப் பாட்டில் ஒரு வரி மறந்துவிட்டது. தப்பு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டு நின்றது, வரி ஞாபகம் வரும்வரை. பார்த்தவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவுக்குத் தெரிந்தது. கம்பளிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்தார்.

காலையில் நான் குதித்துக்கொண்டு, "பார்த்தீங்களாம்மா" என்றேன். "கூத்துல பேசுனது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனார். வேஷம் கலைத்ததும் பெரியண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தார், சின்னண்ணன் இந்தப் பக்கம்.

மார்ச் 17

எரிந்த மன்மதன் பிறகு உயிர் பெற்றாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது கதை. எங்கள் அண்ணன்மாரின் சமாதானமும் அந்த ரகம், அம்மா கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. மனுவின் கொப்பியை ஏன் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

ஏப்ரல் 15

புத்தாண்டுக்குப் போனேன். சின்னண்ணன் "வா" என்றார். ஒரு சொல்தான். மதினி பணியாரம் சுட்டிருந்தார். சின்னண்ணன் மகளுக்கு இப்போது பத்து வயது, ஒரு தட்டை எடுத்துச் சுவருக்கு மேலே பலகை இடைவெளியில் நீட்டினாள். அந்தப் பக்கம் யாரும் வந்திருக்கவில்லை, காம்பரா பூட்டு. "பழக்கதோஷம்" என்று சிரித்தாள். பெரியண்ணன் பிள்ளைகள் வரும் நாட்களில் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல். அம்மாவுக்குத் தெரியாமலா என்று கேட்காதீர்கள். அந்தப் பலகையைக் கழற்றி வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

மே 25

கினிகத்தேனைச் சகோதரி, உங்கள் அண்ணன்மாரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? எழுத இஷ்டமில்லாவிட்டால் விடுங்கள்.

எங்கள் பக்கம் ஜூன் வந்தால் காற்று தகரத்தைப் பிய்த்துவிடும். அம்மா படுக்கும் மூலையில் போன வருஷமே ஒழுகியது. நேற்று சந்தியில் ஒரு லொறி ஆறு தகரத்தை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது, கடைக்காரரிடம் பேர் மட்டும் சொல்லி. கொழும்பிலிருந்து வந்த லொறி. சின்னண்ணன் கேள்வி கேட்கவில்லை, மூன்று தடவையாகத் தலையில் சுமந்து ஏற்றினார். அம்மா பக்கம் நாலு போட்டார். மிச்சம் இரண்டைப் பூட்டிக் கிடக்கிற காம்பராவின் கூரையில் போட்டார், அங்கேயும் ஓட்டை இருந்ததாம்.

பிறகு எனக்குப் போன். மார்ச்சுக்குப் பிறகு அவராக எடுத்த முதல் போன். "தகரம் கேஜ் பத்தாது. இந்தக் காத்துக்கு ரெண்டு வருஷம் தாங்காது. பார்த்து வாங்கத் தெரியலன்னு அவருகிட்ட சொல்லு" என்றார்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது, சொல்கிறேன் என்று. நிறுத்திக்கொண்டேன். "நான் சொல்ல மாட்டேன். நம்பர் அனுப்பட்டுமா?" என்றேன்.

"நம்பர் எங்கிட்ட இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மே 25, இரவு

சின்னண்ணன் அவருக்குப் போன் போட்டாரா என்று கேட்கிறீர்கள். அம்மாவும் அதையே கேட்டு இதுவரை நாலு தடவை எனக்கு அழைத்துவிட்டார். தெரியாது.